ஒன்றரை இஞ்சு டயர்

மெல்லிய டயர் போட்ட சைக்கிள்தான் வேகமாக ஓடும் என்று யாராவது சொன்னால் நான் வாதம் செய்வதில்லை. கோவிலூரைத் தாண்டி உள்ளே பிரிகிற ஏதாவது ஒரு கண்மாய்க்கரைப் பாதையில் ஒரு நடை ஓட்டிவிட்டு வரச் சொல்வேன். திரும்பி வந்ததும் முதலில் தண்ணீர் கேட்பார்கள். பிறகு உள்ளங்கையைத் தேய்த்துவிட்டுக்கொள்வார்கள். வேகத்தைப் பற்றிய பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

அப்பா காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் ஒரு சைக்கிள் கடையில் வேலை பழகி, பிறகு கோவிலூரில் தனியாகக் கடை போட்டவர். நான் அவரிடம் பழகினேன். இப்போது கடையைத் தம்பி மகன் பார்க்கிறான்; நான் ஸ்டூலில் உட்கார்ந்து குறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பொங்கலுக்கு வரும்போது, காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு வந்த விலை உயர்ந்த சைக்கிளை என்னிடம் காட்டி, "பெரியப்பா, இதுல போனா இடுப்பு விட்டுப்போகுது. நம்ம ரோட்டுக்குக் குலுங்காத வண்டி எது?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு இது புதுக் கேள்வி. இந்த வட்டாரம் இந்தக் கேள்விக்கு அவர்களுடைய தாத்தா காலத்திலேயே விடை கண்டு, ஐம்பது வருஷம் ஓட்டியும் பார்த்துவிட்டு, பிறகு மறந்துபோனது. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

செட்டிநாடு என்றால் வெளியூர்க்காரர்களுக்கு அரண்மனை மாதிரி வீடும் ஆத்தங்குடிக் கல்லும் கோழிக் குழம்பும். சைக்கிள்காரனுக்கு அது செம்மண்ணும் சரளையும். பல இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே செம்புராங்கல் தட்டும். மழை அதிகமில்லை, பெய்தால் ஐப்பசி கார்த்திகையில் ஒரே பாட்டமாகக் கொட்டிவிட்டுப் போகும். கோடையில் மண்ரோடு மேலே மாவாகவும் அடியில் பாறையாகவும் கிடக்கும். மழை அந்த மாவைக் கரைத்துக் கண்மாயில் சேர்த்துவிட்டால் கல் மட்டும் மிச்சம். அதன் மேல் மாட்டு வண்டிகள் ஓடின. மரச்சக்கரத்தைச் சுற்றி இரும்புப் பட்டா அடித்திருப்பார்கள். பாரம் ஏற்றிய வண்டிகள் ஒரே தடத்தில் போய்ப் போய் ரோட்டில் இரண்டு வாய்க்கால் வெட்டி வைத்துவிடும். சைக்கிளின் முன்சக்கரம் அதற்குள் இறங்கிவிட்டால், அந்தத் தடம் எந்த ஊருக்குப் போகிறதோ அந்த ஊருக்குத்தான் நீங்களும் போயாக வேண்டும்.

ஜில்லா போர்டு காலத்தில் நல்ல ரோடு என்றால் கப்பி ரோடு. கருங்கல்லை உடைத்துப் பரப்பி, மேலே சரளையும் செம்மண்ணும் கொட்டி, தண்ணீர் தெளித்து, உருளை ஓட்டுவார்கள். போட்ட புதிதில் கண்ணாடியாக இருக்கும் என்று அப்பா சொல்வார். இரண்டு மழைக்காலம் போனால் மேல்மண் அரித்துக் கப்பி தலைநீட்டும். 1930இல் ரயில் வந்தது. திருச்சியிலிருந்து புதுக்கோட்டை வரை வந்திருந்த பாதை காரைக்குடி வழியாக மானாமதுரைக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் ஸ்டேஷனில் இறங்கியவர் வீடு போய்ச் சேர அதே கப்பி ரோடுதான். வசதியான வீட்டுக்காரர்களுக்கு வில்வண்டி வந்தது. பிறகு மோட்டார் கார். மற்றவர்களுக்குக் கால்நடை. கோவிலூர் வேதாந்த மடத்துக்குப் பாடம் கேட்க வந்தவர்களும், கொற்றவாளீஸ்வரர் கோயில் திருவிழாவுக்கு வந்தவர்களும் நடந்தே வந்தார்கள். வில்வண்டிக்கும் கால்நடைக்கும் நடுவே இருந்த இடத்தைப் பிடித்ததுதான் சைக்கிள்.

இங்கே கொஞ்சம் கடல் கடந்து போய்வர வேண்டும். காற்றடித்த டயரே குலுங்கலைத் தாங்க முடியாமல் பிறந்த பொருள் என்பது பலருக்குத் தெரியாது. ஜான் பாய்டு டன்லப் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரத்தில் கால்நடை மருத்துவர். அவருடைய பையன் கெட்டி ரப்பர் சக்கரம் போட்ட மூன்று சக்கர சைக்கிளில் கல் பாவிய தெருவில் போகச் சிரமப்பட்டான். அவனுக்காக மெல்லிய ரப்பர்த் தகட்டில் குழாய் செய்து, காற்றடைத்து, சக்கரத்தில் கட்டிவிட்டார். 1888இல் காப்புரிமை வாங்கினார். அவருக்கு நாற்பது வருஷம் முன்பே ராபர்ட் தாம்சன் என்பவர் குதிரை வண்டிக்கு இதே யோசனையைக் காப்புரிமை செய்திருந்தார். அது யாருக்கும் பயன்படாமல் போயிருந்தது. டன்லப்புக்கு அதிர்ஷ்டம், சைக்கிள் பிறந்திருந்தது. அடுத்த வருஷம், 1889 மே மாதம், வில்லி ஹியூம் என்பவர் அந்தக் காற்று டயரைப் போட்டுக்கொண்டு பெல்ஃபாஸ்டில் பந்தயம் ஓடினார். தடித்த டயரைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்களாம். ஓடியதெல்லாம் ஜெயித்தார்.

மெத்தென்று போவதற்குச் செய்த டயர் வேகமாகவும் போனதற்குக் காரணம் இருக்கிறது. கெட்டிச் சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் ஏறும்போது வண்டியும் ஆளும் சேர்ந்து தூக்கப்படுகிறார்கள். அப்படித் தூக்குவதற்கு ஆகிற பலம் உங்கள் கால் மிதித்த பலம்தான். காற்று டயரில் கல் டயருக்குள் அமுங்கிக்கொள்கிறது. வண்டி நேராகப் போகிறது. குலுங்கல் குறைந்தால் மிதித்தது வீணாவதும் குறையும். சியாட்டில் நகரத்தில் சைக்கிள் இதழ் நடத்திய யான் ஹைனே என்பவர் நெடுஞ்சாலை ஓரத்து அதிர்வு வரிகளின் மேல் ஓட்டி அளந்து பார்த்து இதையே எழுதியிருக்கிறார். அவர் அளந்து சொன்னதை எங்கள் பால்காரர்கள் அளக்காமலே தெரிந்து வைத்திருந்தார்கள். கேன் நிறையப் பாலைக் கட்டிக்கொண்டு விடிகாலையில் கண்மாய்க்கரையில் வருகிறவருக்கு டயர் சரியில்லை என்றால் முதலில் தெரிவது காலில்தான்.

அப்பா காலத்தில் இங்கே ஓடிய வண்டி இங்கிலீஷ் ரோட்ஸ்டர். நாட்டிங்காம் ராலி, பர்மிங்காம் ஹெர்குலஸ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ், எப்போதாவது ஒரு ஹம்பர், ஒரு ரட்ஜ். பெயர் எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான். கறுப்புப் பெயிண்ட், தங்கக் கோடு, 28 இஞ்சுச் சக்கரம், 1½ இஞ்சு டயர். கடைக்கு வருகிறவர்களில் ராலிக் கட்சி, ஹெர்குலஸ் கட்சி என்று இரண்டு உண்டு. ஹெர்குலஸ்காரர் ராலியைக் கலெக்டர் வண்டி என்பார். ராலிக்காரர் ஹெர்குலஸைக் கழுதை என்பார். அப்பா இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு ஒரே கிரீஸை இரண்டு வண்டிக்கும் வைப்பார்.

அந்த வண்டியைக் கழற்றிப் பூட்டினவனுக்குத்தான் அது எவ்வளவு யோசித்துச் செய்த பொருள் என்று தெரியும். ஃபிரேமைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். சீட்டுக் குழாய் நன்றாகப் பின்னால் சாய்ந்திருக்கும். இன்றைய பந்தயச் சைக்கிளில் அந்தச் சாய்வு 73 டிகிரிப் பக்கம். ரோட்ஸ்டரில் 67 டிகிரிப் பக்கம். முன் ஃபோர்க்கும் அதே மாதிரி சாய்ந்து, நுனியில் இன்னும் முன்னால் வளைந்து நிற்கும். இதனால் இரண்டு சக்கரத்துக்கும் நடுவே தூரம் கூடுகிறது. பந்தயச் சைக்கிளில் அச்சுக்கு அச்சு ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். இதில் அதைவிட நன்றாகவே கூடுதலாக இருக்கும். குழியில் முன்சக்கரம் இறங்கும்போது அந்த நீண்ட வளைந்த ஃபோர்க் கொஞ்சம் அசைந்து கொடுக்கும். அதிர்ச்சி கைக்கு வருவதற்குள் பாதி செத்துவிடும்.

ஹேண்டில்பார் உங்களை நோக்கித் திரும்பி வரும். முதுகு நேராக இருக்கும். உடம்பின் கனம் முழுவதும் சீட்டில் உட்காரும், கைக்குப் பாரமில்லை. கனம் சீட்டுக்கு வருகிறது என்பதால்தான் சீட்டு அகலமான தோல். அடியில் சுருள் ஸ்பிரிங். பர்மிங்காமில் புரூக்ஸ் கம்பெனி இதை 1880களிலிருந்து செய்துவருகிறது. புதுத் தோல் சீட்டு முதலில் கல்லாக இருக்கும். ஓட்ட ஓட்ட ஆளுடைய உடம்புக்குத் தக்கபடி பள்ளம் விழும். தளர்ந்துபோனால் மூக்குக்குக் கீழே ஒரு நட்டு இருக்கிறது, திருகினால் இழுத்துக்கொள்ளும். அடுத்தவர் சைக்கிளை இரவல் வாங்கி ஓட்டினால் உட்காரும்போதே வேற்று வீடு என்று தெரியும்.

சக்கரத்துக்கு வருவோம். முன்னால் 32 கம்பி, பின்னால் 40 கம்பி. கனம் பின்னால் இருக்கிறது, கம்பியும் அங்கே அதிகம். இங்கிலீஷ்காரன் கணக்கில் கெட்டிக்காரன் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம். பிரேக் கம்பி பிரேக். கேபிள் கிடையாது, இரும்புக் கம்பிகள் மூட்டுமூட்டாக இறங்கிப் பிரேக் கட்டையை ரிம்மின் உள்பக்கத்தில், அச்சை நோக்கியிருக்கிற பக்கத்தில், மேல்நோக்கி இழுத்து அழுத்தும். பிடிப்பு சுமார்தான், மழையில் ஆண்டவன் விட்ட வழி. ஆனால் அதில் ஒரு சௌகரியம் உண்டு. குழியில் விழுந்து ரிம் இடதும் வலதுமாகக் கோட்டம் வாங்கினாலும் பிரேக் உரசாது. வெட்டுக்குதிரை மாதிரி ஆடிக்கொண்டே வீட்டுக்கு வந்துவிடலாம். மறுநாள் கடையில் கொடுத்துக் கோட்டம் எடுத்துக்கொள்ளலாம். இன்றைய கேலிப்பர் பிரேக்கில் ரிம் கொஞ்சம் நெளிந்தாலும் கட்டையில் இடித்து நின்றுவிடும்.

கனம் 20 கிலோவுக்குக் குறையாது. ஏற்றத்தில் இறங்கித் தள்ள வேண்டும். எங்கள் பக்கத்தில் ஏற்றம் என்று சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது, குன்றக்குடி மலையும் பாலங்களும் தவிர? ஆகவே கனம் குறையாகத் தெரியவில்லை. இதே வண்டிதான் ஆப்பிரிக்காவில் ஓடியது, டச்சுக்காரர்களிடம் ஓடியது. சீனாவில் 1950இல் தியான்ஜின் நகரத்தில் செய்யத் தொடங்கிய 'பறக்கும் புறா' சைக்கிளும் இதன் நகல்தான். கோடிக்கணக்கான சீனர்களை அது சுமந்தது.

டயருக்கும் எங்கள் பக்கத்துக்கும் இன்னொரு ஒட்டு உண்டு. மலாயாவில் ரப்பர்த் தோட்டம் வைத்திருந்த செட்டியார்கள் பலர். அங்கே வடித்த பால் எங்கெங்கோ போய் டயராகி, ஊருக்குத் திரும்பிக் கடையில் தொங்கியது. கல்கத்தாவுக்கு வடக்கே சகாகஞ்சில் டன்லப் 1936இல் ஆலை தொடங்கிய பிறகு கப்பலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. 1942 தொடக்கத்தில் ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்ததும் ரப்பர் தட்டுப்பாடு வந்தது. அந்தக் காலத்தில் பழைய டயரின் கிழிசலுக்கு உள்ளே இன்னொரு டயர்த் துண்டை வைத்துத் தைத்து ஓட்டினார்களாம். 'கேட்டர்' என்று சொல்வோம்; நான் கடையில் உட்கார்ந்த காலத்திலும் அது வழக்கில் இருந்தது. சக்கரம் சுற்றும்போது அந்த இடம் வந்தால் ஒரு சின்னத் துள்ளல் துள்ளும்.

சண்டை முடிந்து, நாடு சுதந்திரம் அடைந்ததும் வெளிநாட்டுச் சைக்கிளை இறக்குமதி செய்வது குறைந்து, உள்ளூரிலேயே செய்யலாம் என்றார்கள். இங்கே எங்கள் வட்டாரம் மறுபடி கதைக்குள் வருகிறது. காரைக்குடியிலிருந்து சைக்கிளிலேயே போய்விடக்கூடிய ஊர் பள்ளத்தூர். அங்கேயிருந்து பர்மா போய், 1900இல் மோல்மேனில் லேவாதேவி தொடங்கியவர் திவான் பகதூர் ஏ. எம். முருகப்பச் செட்டியார். பர்மாவில் நிலைமை சரியில்லை என்று முன்கூட்டியே கணித்து, முதலீட்டை ஊர்ப்பக்கம் கொண்டுவந்த குடும்பம் அது. 1949இல் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் ஆஃப் இந்தியாவைத் தொடங்கினார்கள். அந்த இங்கிலீஷ் கம்பெனி 1946இலேயே ஹெர்குலஸை வாங்கியிருந்தது. ஆகவே இந்தக் கூட்டுக் கம்பெனி சென்னைக்குப் பக்கத்தில் அம்பத்தூரில் செய்த சைக்கிளும் ஹெர்குலஸ் என்ற பெயரிலேயே வந்தது. குழாயையும் இங்கேயே இழுப்பதற்கு 1955இல் டியூப் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா வந்தது. இங்கிலாந்துக் கம்பெனியின் தலைவராக இருந்த சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டு பெயரில் அம்பத்தூரில் இன்றும் ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது.

மற்ற பெயர்களின் கதை வேடிக்கை. 1957இல் பி.எஸ்.ஏ. தன் சைக்கிள் பிரிவை ராலிக்கு விற்றது. 1960இல் ராலியே டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸுக்குள் போய்விட்டது. எங்கள் கடையில் சண்டை போட்ட இரண்டு கட்சிக்கும் முதலாளி ஒருவர்தான் என்று ஆனது. இந்தச் செய்தி ஊருக்கு வந்து சேரவில்லை. சண்டை தொடர்ந்து நடந்தது. இதற்கிடையில் வங்காளத்தில் அசன்சோல் பக்கம் சென்-ராலி, அரியானாவின் சோனிபத்தில் அட்லஸ், லூதியானாவில் 1956 முதல் முஞ்சால் சகோதரர்களின் ஹீரோ என்று எல்லாரும் ஒரே வண்டியைச் செய்தார்கள். அளவு மாறவில்லை. அம்பத்தூர் ஹெர்குலஸில் லூதியானா ரிம்மைப் பூட்டலாம். ராலியில் உள்ளூர் ஃபோர்க்கைப் போடலாம். எந்தக் குக்கிராமத்திலும் கப்பும் கோனும் பால்ரஸும் கிடைத்தன. ரோடு கெட்டது என்றால் சாமான் அடிக்கடி போகும். போகிற சாமான் பக்கத்துக் கடையில் கிடைப்பதும் சௌகரியத்தில் சேர்ந்ததுதான். இன்று சௌகரியமான சைக்கிளைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

வாங்க முடியாதவர்களுக்கு வாடகை சைக்கிள். எங்கள் கடையில் மட்கார்டில் நம்பர் எழுதி வரிசையாக நிறுத்தியிருப்போம். நோட்டில் பெயரும் நேரமும் எழுதிக்கொண்டு மணிக்கணக்கில் விடுவது. பையன்கள் பார் மேலே ஏறக் கால் எட்டாமல், பாருக்கு அடியில் ஒரு காலை நுழைத்துக் குரங்குப் பெடல் அடிப்பார்கள். விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டு வந்தால் அப்பா முதலில் வண்டியைத்தான் பார்ப்பார். சைக்கிளுக்குப் பஞ்சாயத்தில் வரி கட்டித் தகர வில்லை வாங்கிக் கட்ட வேண்டும். ராத்திரி விளக்கில்லாமல் போனாலும், டபுள்ஸ் போனாலும் போலீஸ்காரர் காற்றைப் பிடுங்கிவிடுவார். அதற்காகவே சிலர் வால்டியூப்பை ஒன்றிரண்டு துண்டு மடியில் முடிந்து வைத்திருப்பார்கள். எங்கேயாவது ஒரு திடலில் கம்பம் நட்டு, மைக்செட் கட்டி, ஒருவர் இறங்காமல் ராத்திரி பகலாகச் சைக்கிள் ஓட்டுவார். குளிப்பது, சாப்பிடுவது எல்லாம் வண்டி மேலேயே. ஊரே வேடிக்கை பார்க்கும். அவர் ஓட்டியதும் இதே ரோட்ஸ்டர்தான். நாள்கணக்கில் ஒருவரை உட்கார வைத்திருக்கக் கூடிய வேறு சைக்கிளை நான் பார்த்ததில்லை.

இந்த வண்டியின் பெரிய பரீட்சை எங்கள் எல்லைக்கு அடுத்த பக்கத்தில் நடந்தது. 1991 முதல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம். கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு லட்சம் பெண்களுக்குக் குறையாமல் பழகினார்கள் என்று பி. சாய்நாத் எழுதினார். 1992 மகளிர் தினத்தில் பெண்கள் சைக்கிளில் புதுக்கோட்டை வீதிகளை நிறைத்தார்கள். கல்குவாரிக்குப் போகிறவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், நர்சுகள், தண்ணீர் எடுக்கப் போகிறவர்கள். லேடீஸ் சைக்கிள் கடைகளில் தீர்ந்துபோயிற்று. கிடைத்தது ஜென்ட்ஸ் சைக்கிள், அதையே ஓட்டினார்கள். கொஞ்ச நாளில் ஜென்ட்ஸ் சைக்கிளே தேவலை என்றும் சிலர் சொன்னார்கள்: பாரில் ஒரு பிள்ளையை உட்கார வைக்கலாம், கேரியரில் இன்னொரு பிள்ளையோ குடமோ. திருமயம் பக்கத்திலிருந்து அந்த வருஷங்களில் எங்கள் கடைக்கும் பெண்கள் பெடல் கட்டை மாற்ற வந்தார்கள். "அண்ணே, சீட்டை எறக்கி வச்சுக் குடுங்க, காலு தரையில படணும்" என்பதுதான் எல்லாரும் கேட்டது. புத்தகத்தில் உள்ள சைக்கிள் சாஸ்திரப்படி அது தப்பு. சீட்டு உயரமாக இருந்தால்தான் முழங்காலுக்கு நல்லது. ஆனால் குழியும் ஆடு மாடும் உள்ள ரோட்டில் சட்டென்று கால் ஊன்ற முடிவதுதான் பெரிய சௌகரியம். நான் இறக்கித்தான் கொடுத்தேன்.

பிறகு வந்தது எடை குறைக்கும் காலம். பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர். வந்தபோது காலேஜ் பையன்கள் அதைத்தான் கேட்டார்கள். மெலிந்த உடம்பு, நேரான ஹேண்டில்பார், நிறம் நிறமாகப் பெயிண்ட். பார்க்க லட்சணம். தார் ரோட்டுக்கு நல்ல வண்டி. அழகப்பா காலேஜுக்கும் சிக்ரி ஆராய்ச்சி நிலையத்துக்கும் போகிற ரோட்டில் பறக்கும். உள்ளூர்ப் பாதையில் அதன் ரிம்முக்கு நாங்கள்தான் வைத்தியர். தொண்ணூறுகளில் நேர்மாறாக இன்னொரு மோகம்: மலைச் சைக்கிள் மாதிரி, கட்டைகட்டையான டயர், முன்னால் ஸ்பிரிங் ஃபோர்க். விலை மலிந்த ஸ்பிரிங் ஃபோர்க்கைப் பற்றி என் அபிப்பிராயம் கடுமையானது. கனத்தைக் கூட்டும், புது வண்டியில் ஆறு மாதம் ஆடும், எங்கள் செம்மண் தூசி உள்ளே போனதும் இறுகி வெறும் இரும்பாகிவிடும். ஸ்பிரிங்குக்குக் கொடுத்த காசில் நல்ல டயர் வாங்கியிருக்கலாம். அரசாங்கம் 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு விலையில்லாச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கி, 2005-06இல் எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளுக்கும் விரித்தபோது ஊரில் சைக்கிள் பெருகியது. வாடகை சைக்கிள் கடைகள் அதற்குள் மொபெட்டுகளால் படுத்துவிட்டிருந்தன. எங்கள் நோட்டும் மூடியது.

இப்போது மேல்நாட்டில் புதிதாக ஒரு சைக்கிள் வந்திருக்கிறது என்று பிள்ளைகள் படம் காட்டுகிறார்கள். சரளை ரோட்டுக்கென்றே செய்ததாம். அளவைப் படிக்கச் சொன்னேன். டயர் 40 மில்லிமீட்டர். ஒன்றரை இஞ்சு என்பது 38 மில்லிமீட்டர். எங்கள் 28க்கு 1½ டயரின் பக்கத்தில் பன்னாட்டுக் கணக்கில் 40-635 என்றே அச்சடித்திருக்கும். ஃபோர்க் சாய்வு கூடியிருக்கிறது. வண்டி நீண்டிருக்கிறது. ஹேண்டில்பார் உயர்ந்திருக்கிறது. கல் பாவிய பாதைக்குப் பேர்போன பாரிஸ்-ரூபே பந்தயம் 1896இலிருந்து நடக்கிறது. அங்கேயும் இப்போது ஓட்டுகிறவர்கள் 30 மில்லிமீட்டருக்கு மேல் தடித்த டயர் போடுகிறார்கள். கியரும் டிஸ்க் பிரேக்கும் உண்மையிலேயே முன்னேற்றம். மழையில் கம்பி பிரேக்கை நம்பி லாரிக்குப் பின்னால் போனவன் என்ற முறையில் அதை மனதார ஒப்புக்கொள்கிறேன். மற்றதெல்லாம் அப்பா கடைச் சரக்கு.

ரோடும் மாறித்தான் இருக்கிறது. திருச்சி-ராமேசுவரம் நெடுஞ்சாலை வழுக்கிக்கொண்டு போகிறது. காரைக்குடி 2024இல் மாநகராட்சியாகிவிட்டது. ஆனால் சைக்கிள்காரனுக்கு நெடுஞ்சாலை உயிருக்கு ஆபத்து. அவன் உள்ரோட்டில்தான் போவான். உள்ரோட்டில் தோண்டி மூடிய பள்ளம், பெயர்ந்த தார், சொல்லாமல் முளைத்த வேகத்தடை. தெருக்களில் பேவர் பிளாக் கல். பார்க்கச் சமமாக இருக்கும், ஓட்டினால் பல் ஆடும்.

ஆகவே கேட்கிற பிள்ளைகளுக்கு என் யோசனை. முதலில் டயர் போகிற இடத்தைப் பாருங்கள்: ஃபோர்க்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே 38, 40 மில்லிமீட்டர் டயர் தாராளமாகச் சுற்ற இடம் இருக்க வேண்டும். 28 மில்லிமீட்டர்தான் பிடிக்கும் என்றால் எவ்வளவு விலை உயர்ந்த கார்பன் ஃபிரேமாக இருந்தாலும் எங்கள் பக்கத்துக்கு வேண்டாம். ஹேண்டில்பார் சீட்டுக்குச் சமமாகவாவது உயர வேண்டும். கம்பி 32க்குக் குறைந்த சக்கரத்தை வாங்காதீர்கள். காற்றைக் கல்லாக அடிக்காதீர்கள். முன்சக்கரத்தில் பின்சக்கரத்தைவிடக் குறைவாக இருக்கட்டும். கட்டைவிரலால் அழுத்தினால் முன் டயர் கொஞ்சம் அமுங்க வேண்டும். மீட்டர் வைத்த பம்பு இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் விரல் போதும். டியூப் இல்லாத டயருக்குள் ஊற்றுகிற பசையை முதலில் நான் நம்பவில்லை. சீமைக்கருவை முள்ளும் உடைமுள்ளும் கொட்டிக்கிடக்கிற பாதையில் அது பஞ்சரைத் தானே அடைத்துக்கொள்வதைப் பார்த்தபின் நல்லது என்கிறேன். ஆனால் பெரிய கிழிசல் விழுந்தால் ஊருக்கு ஊர் அதற்கு ஆள் கிடையாது. ஒரு டியூப்பும் பம்பும் பையில் இருக்கட்டும். சீட்டுக்கு மெத்தை அதிகம் வேண்டாம். நேராக நிமிர்ந்து ஓட்டுகிறவருக்கு ஸ்பிரிங் வைத்த அகலச் சீட்டு, குனிந்து ஓட்டுகிறவருக்குக் குறுகிய சீட்டு. இதை மாற்றிப் போட்டுக்கொண்டு வலிக்கிறது என்று சொல்கிறவர்கள்தான் அதிகம்.

ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து மைல்தான் போகப் போகிறீர்கள் என்றால் புது வண்டியே வேண்டாம். எங்கள் பக்கத்து வீடுகளில் வளவுக்குப் பின்னாலோ மாட்டுக்கொட்டகையிலோ ஐயா ஓட்டிய ஹெர்குலஸோ ராலியோ துருப்பிடித்துச் சாத்திக் கிடக்கும். வீட்டை விற்கும்போதும் வெள்ளையடிக்கும்போதும் அதைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து போடாதீர்கள். ஃபிரேமும் ஃபோர்க்கும் வளையாமல் இருந்தால் போதும். ஓவராயில் செய்து, பால்ரஸும் செயினும் பிரேக் கட்டையும் மாற்றி ஓட்டிவிடலாம். 28க்கு 1½ டயர் இன்றைக்கும் காரைக்குடியில் கிடைக்கிறது.